தண்ணீருக்குள் ஒரு குண்டூசி

2015ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல நம் சங்கத்தில் அதற்கடுத்த ஞாயிறு, ஏப்ரல் 19ஆம் தேதி விழா வைத்திருந்தோம். அன்று வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மாங்காய்ப் பச்சடியும் பாயசமும் முடிந்து, குழந்தைகள் நடனத்துக்கு முன்பாக ‘நம்ம ஊர்’ படத்தைத் திரையில் காட்டுவதாக ஏற்பாடு. மேட்டூர்த் தாத்தாவின் மகளும் பேரன்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா காலமாகி அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. படத்தில் அவருடைய ஊரைப் பார்க்க வேண்டும், அவர் பேசியதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே வந்திருந்தார்கள்.

கணிப்பொறியைத் திறந்து பக்கத்தை வரவழைத்தேன். பூமி உருண்டை வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அதன் நடுவில், குழந்தைகள் அடுக்கி விளையாடும் புதிர்த்துண்டு போல ஒரு சின்னப் படம். இந்த ப்ளக்-இன்னுக்கு இனி ஆதரவு இல்லை என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

மின்சாரம் போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம், யாரையாவது இரண்டு பாட்டு பாடச் சொல்லியிருப்போம். இது என்னவென்றே புரியவில்லை. பொங்கலுக்கு நன்றாக ஓடியது. அதன்பின் யாரும் எதையும் தொடவில்லை. நான் வியர்த்து நின்றதைப் பார்த்து, பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி மேடைக்கு வந்தான். “அங்கிள், செவ்வாய்க்கிழமைதான் குரோம் 42 வந்திருக்கு. அது தானாவே புதுசாயிடுச்சு. அதுல இந்த மாதிரி ப்ளக்-இன்னை எல்லாம் மூடி வெச்சுட்டாங்க” என்றான். மேலே முகவரி வரியில் ஏதோ தட்டினான், ஓர் அமைப்பை மாற்றினான், மூடித் திறந்தான். உருண்டை வந்துவிட்டது. கைதட்டல் வேறு. அவன் மட்டும் என் காதருகே குனிந்து, “இது செப்டம்பர் வரைக்கும்தான் அங்கிள், அப்புறம் இந்த வழியையும் அடைச்சிடுவாங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

உருண்டை மெல்லச் சுழன்று, நாகபுரியிலிருந்து தெற்கே பறந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல் நின்றது. பாலமலை எழுந்து நின்றது. தண்ணீருக்கு நடுவே தாத்தாவின் குண்டூசி. அதைத் தொட்டேன். பலூன் விரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எழுத்தும் இல்லை, குரலும் இல்லை. மறுபடி தொட்டேன், மறுபடி வெறும் பலூன்.

“பரவாயில்லை அண்ணா, மலை தெரியுதே” என்றார் தாத்தாவின் மகள். எனக்கு அதற்குமேல் மைக்கில் பேச நா எழவில்லை.

ஒரே நாளில் இரண்டு கோளாறு. ஒன்று கலிபோர்னியாவிலிருந்து வந்தது. மற்றொன்று இந்த ஊரிலேயே, என் கையெழுத்தின் பேரில் வந்தது. இரண்டையும் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனி எழுதிவிட வேண்டியதுதான்.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. அடியேன் ஓர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் டிரேசிங் பேப்பரும் ரோட்ரிங் பேனாவுமாக 34 வருடம் கழித்து ஓய்வு பெற்றவன். 2010 பொங்கலுக்கு என்ன புதிதாகச் செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது, இங்குள்ள குடும்பங்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தவை என்று ஒரு படம் போடலாம் என்றேன். நான் நினைத்தது சுவரில் மாட்டும் படம். பிள்ளைகள் சிரித்தார்கள். “கூகுள் எர்த்துல போடலாம் தாத்தா” என்றார்கள்.

கூகுள் எர்த்தின் பூர்வோத்தரம் சுவையானது. கீஹோல் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் செய்த நிரல் அது. 2004இல் கூகுள் அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, 2005 ஜூனில் கூகுள் எர்த் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டது. முதலில் அதைக் கணிப்பொறியில் தனியாக ஏற்றிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். 2008 மே மாதம் ஒரு ப்ளக்-இன் விட்டார்கள். அதைப் பொருத்திவிட்டால் நம் சொந்த இணையப் பக்கத்துக்குள்ளேயே பூமி உருண்டையை உட்காரவைக்கலாம். நம் பெயர்ப்பலகை, நம் தமிழ், நடுவில் உருண்டை. சங்கத்துப் பிள்ளைகள் மூன்றே வாரத்தில் அதைச் செய்து முடித்தார்கள்.

50க்கும் மேற்பட்ட குடும்பங்கள். ஒவ்வொரு பெரியவரிடமும் ஒரு பிள்ளை போய் உட்கார்ந்து ஊரைப் பற்றிக் கேட்டு நாலு வரி எழுதியது. ஊருக்கு ஒரு குண்டூசி. அதைத் தொட்டால் பலூன் விரிந்து அந்த நாலு வரி வரும். நாகபுரியில் தொடங்கி ஊர்வரைக்கும் பறந்துபோகும்படி அமைத்திருந்தார்கள். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ராத்திரியும் பகலுமாகக் கடக்கும் தூரம் பத்து விநாடியில் ஓடிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வில்லியம் லாம்டன் நினைவுக்கு வருவார். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்துவிட்டுக் கிளம்பிய அந்த மனிதர், நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே வடக்கே வந்து, 1823இல் இங்கே நம் பக்கத்து ஹிங்கன்காட்டில் கண்ணை மூடினார். சமாதி அங்கேதான் இருக்கிறது, வார்தா பக்கம் போகிறவர்கள் ஒருநடை பார்த்து வரலாம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அவருடைய அரை டன் தியோடலைட் மோதி வளைந்துபோனது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதைத் தட்டி நேராக்கினார். கருவிக்குத்தான் சேதம். அதுவரை அளந்தவை நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. இந்தச் சங்கதி எனக்கு அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்தே தெரியும். தெரிந்து என்ன பயன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மேட்டூர்த் தாத்தாவிடம் போனவள் ஒன்பதாம் வகுப்புப் பெண். “உங்க ஊர் எங்கே தாத்தா?” என்று கேட்டாள். “தண்ணிக்குள்ள” என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள்.

அவர் 1928இல் பிறந்தவர். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேக்கியபோது அவருக்கு ஆறு வயது. பண்ணவாடிப் பக்கம் வீடு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகக் காலி செய்தார்கள். அணையின் முழுக் கொள்ளளவு 120 அடி. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் பழைய நந்தி சிலையும் மாதாகோயில் கோபுரமும் தலைகாட்டுவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். தாத்தாவின் அப்பா குடும்பத்தோடு சேலம் வந்து, அங்கிருந்து ரயில்வே வேலையாக நாகபுரி வந்து சேர்ந்தார். தாத்தா திரும்பிப் போய்ப் பார்த்தது இரண்டே தடவை, இரண்டு தடவையும் அணை நிரம்பி இருந்ததாம்.

அந்தப் பெண் கணிப்பொறியில் மேட்டூரை வரவழைத்துக் காட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மேலிருந்து நேர்கீழாகத் தெரிந்த படம் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. “இதுல என்ன கண்ணு தெரியுது, எல்லாம் பச்சையும் நீலமுமா இருக்குது” என்றார். அவள் உருண்டையைச் சற்றுச் சாய்த்தாள். மலைகள் எழுந்து நின்றன. தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “பாலமலை! இது பாலமலையேதான். கொஞ்சம் இப்படித் திருப்பு கண்ணு. இன்னும் கீழ வா. எங்கப்பாரு ஆடு ஓட்டிக்கிட்டு வர்றப்ப மலை இப்படித்தான் தெரியும்.” ஆறு வயதுப் பையன் தரையில் நின்று பார்த்த மலை அது. ஆகாயத்திலிருந்து பார்த்தால் அவருக்கு எப்படித் தெரியும்? மலையை வைத்து ஆற்றின் திருப்பத்தைக் கண்டுபிடித்தார், திருப்பத்தை வைத்து வீட்டை. “இன்னும் ஆத்துப்பக்கம்... போதும். இங்க குத்து” என்றார். நல்ல தண்ணீருக்கு நடுவே குண்டூசி குத்தப்பட்டது.

அந்த மேடுபள்ளங்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தொழில்முறையில் தெரியும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் பூமியின் உயரங்களை அளந்தது. அந்த அளவுகள்தான் இத்தகைய உருண்டைகளுக்கெல்லாம் அடிப்படை. தாத்தாவிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. மலையின் உயரத்தை அளந்த ரேடார், நீர்த்தேக்கத்தில் தண்ணீரின் மேற்பரப்பைத்தான் அளந்தது. அடியில் இருக்கும் தரை அதில் கிடையாது.

இன்னொரு வசதியும் இருந்தது. ஒரு பட்டையை இழுத்தால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். தண்ணீர் இறங்கி, கரை வெகுதூரம் பின்வாங்கியிருந்த ஒரு கோடைப் படத்தை அந்தப் பெண் தேடி எடுத்தாள். பழுப்பு நிறத்தில் தரை. நந்தியெல்லாம் தெரியவில்லை. தாத்தா வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுல எங்க நிலமும் இருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

அவள் எழுதிய நாலு வரி இது: “தாத்தாவின் ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது. வீட்டில் இரண்டு மாடு, ஒரு புளியமரம். தண்ணீர் வருவதற்கு முன் தாத்தாவின் அப்பா கதவையும் நிலையையும் பெயர்த்து வண்டியில் ஏற்றினார். புளியமரத்தை ஏற்ற முடியவில்லை.”

இனி என் கையெழுத்துக்கு வருகிறேன். 2012இல் இந்தப் பக்கத்தை இன்னும் சிறப்பாகச் செய்து தருவதாக உள்ளூர்க் கணிப்பொறி நிறுவனம் ஒன்று முன்வந்தது. நல்ல பிள்ளைகள்தான், குறைந்த கட்டணம்தான். பெரியவர்கள் பதினொரு பேரின் பேச்சை அவர்களே பதிவு செய்தார்கள். மேட்டூர்த் தாத்தா மட்டும் இருபது நிமிடம் பேசினார். அந்தக் குரல்களையும், பிள்ளைகள் எழுதிய வாசகங்களையும் தங்கள் கணிப்பொறியிலேயே வைத்து, அங்கிருந்து பலூனுக்குள் வரவழைக்கும்படி பக்கத்தை மாற்றி அமைத்தார்கள். சங்கத்தின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவன் நான். ஒரு பிரதி எங்களிடம் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. 2015 தொடக்கத்தில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். தொலைபேசி எண் வேறு யாரிடமோ போய்விட்டது. எங்களுக்கு இதெல்லாம் தெரிந்தது அந்த ஏப்ரல் விழாவுக்குப் பிறகுதான்.

கலிபோர்னியாக் கோளாறைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கூடத்தோடு சேர்த்து பீரோ சாவியையும் கொடுத்துவைத்தால் எப்படி இருக்கும்? ப்ளக்-இன் என்பது அப்படித்தான் பிரவுசருக்குள் தங்கியிருந்தது. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தார் வகுத்த என்.பி.ஏ.பி.ஐ. என்ற ஏற்பாடு அது. பிரவுசரால் தன் கையால் செய்ய முடியாத வேலையை, படம் ஓட்டுவதையோ உருண்டை சுழற்றுவதையோ, வெளியிலிருந்து வந்த ஒரு நிரல் செய்து கொடுக்கும். கணிப்பொறியில் நாம் ஏற்றும் எந்த நிரலுக்கும் உள்ள அதிகாரம் அதற்கும் உண்டு, கோப்புகளைத் திறப்பது உட்பட. அதில் ஓர் ஓட்டை இருந்தால் திருடன் அதன் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடலாம். பிரவுசர் திடீர் திடீரென்று உறைந்து நிற்பதற்கும் இந்த விருந்தாளிகள்தான் பெரும்பாலும் காரணம். 2013 செப்டம்பரில் கூகுள் தன் குரோமிலிருந்து இவற்றைப் படிப்படியாக வெளியேற்றப் போவதாக அறிவித்தது. அப்போது குரோம் வைத்திருந்தவர்களில் மாதத்துக்குச் சுமார் 9 சதவீதம் பேர் கூகுள் எர்த் ப்ளக்-இன்னை ஓட்டிக்கொண்டிருந்ததாக அவர்களே கணக்குச் சொல்லியிருந்தார்கள்.

சுவாரசியம் என்னவென்றால், வெளியேற்றியதும் கூகுள், வெளியேற்றப்பட்டதும் கூகுள். 2014 டிசம்பரில் எர்த் ப்ளக்-இன்னைக் கைவிடுவதாக அறிவித்து ஒரு வருடம் தவணை கொடுத்தார்கள். பிறகு தவணை நீண்டு 2017 தொடக்கத்தில் அது முழுவதுமாக நின்றது. அதற்குள் குரோமில் அது ஓடாது என்றாகிவிட்டது. 2015 ஏப்ரலில் குரோம் 42 மூடிவைத்தது, செப்டம்பரில் குரோம் 45 வேரோடு பிடுங்கியது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் அதே வழியில் போயிற்று. கைபேசிகளிலோ இந்த ப்ளக்-இன் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. 2015இல் நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் இணையம் பார்த்தது கைபேசியில்தான். ஆக, அவர்கள் இந்தப் படத்தைச் சங்கக் கட்டடத்துக்கு வெளியே பார்த்ததே இல்லை. எனக்கு அதுவும் அப்போதுதான் உறைத்தது.

கூகுளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டை மாற்றியது சரிதான். ஆனால் எர்த் ப்ளக்-இன்னுக்கு நிகராக வேறொன்றை அன்று கையில் கொடுத்துவிட்டு எடுக்கவில்லை என்ற வருத்தம் உண்டு. எனக்கும் முன்னமே புத்தி வந்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2006இல் விட்ட இதே மாதிரியான முப்பரிமாண ப்ளக்-இன்னை 2010இலேயே நிறுத்திவிட்டிருந்தது. நம் இஸ்ரோ 2009 ஆகஸ்ட் 12ஆம் தேதி ‘புவன்’ தளத்தைத் தொடங்கியபோது அதன் உருண்டையைப் பார்க்கவும் ஒரு ப்ளக்-இன் வேண்டியிருந்தது. அதுவும் விண்டோஸில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் ஓடும். அந்த நாளில் எல்லோரும் வாடகை வீட்டில்தான் குடியிருந்தார்கள்.

முதல் வேலையாகப் பழைய வாசகங்களைத் தேடினோம். மேட்டூர்த் தாத்தாவிடம் எழுதி வாங்கிய அந்தப் பெண் அப்போது புனேயில் கல்லூரியில் இருந்தாள். செய்தி அனுப்பியதும், “என் பழைய பென்டிரைவில் இருக்கு தாத்தா” என்று ஒரு கோப்பை அனுப்பினாள். 2010இல் செய்த முதல் படத்தின் கே.எம்.எல். கோப்பு. திறந்து பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது என்றால் மிகையில்லை. அது பூட்டிய பெட்டி அல்ல, வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்தாலே போதும். ஊர்ப் பெயர், தீர்க்கரேகை, அட்சரேகை, அதன்கீழ் நாலு வரி. கீஹோல் நிறுவனம் வகுத்த எழுத்துமுறை அது. 2008இல் அதைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டதால் எந்த நிறுவனமும் பயன்படுத்தலாம். உருண்டை போய்விட்டது, குண்டூசிகள் அப்படியே இருந்தன. லாம்டனின் நோட்டுப் புத்தகம்தான். ஆனால் அதை வைத்திருந்தது 34 வருட அனுபவஸ்தன் அல்ல, ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பெண்.

அதில் பத்துப் பன்னிரண்டு வாசகங்கள் மட்டும் கிறுக்கலாக வந்தன. சங்க அலுவலகத்தில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அவை. யூனிகோடு அல்லாத அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் வராது, ஏதோ பிரெஞ்சுக்காரன் தும்மினாற்போல் இருக்கும். மாற்றித் தரும் நிரல் ஒன்றைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம்.

அடுத்து உருண்டைக்கு மாற்று. மிகச் சுலபமான வழி கூகுள் எர்த் ப்ரோ. வருடத்துக்கு 399 டாலர் விலை வைத்திருந்ததை 2015 ஜனவரியில் இலவசமாக்கிவிட்டார்கள். நம் கோப்பைக் கொடுத்தவுடன் அப்படியே திறந்தது. மலையைச் சாய்த்துப் பார்க்கலாம், பழைய ஆண்டுப் படங்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு கணிப்பொறியிலும் தனித்தனியே ஏற்ற வேண்டும். பெங்களூரில் இருக்கும் பேத்தி தன் கைபேசியில் பார்க்க முடியாது.

பொறியியல் தம்பி லீஃப்லெட்டைக் கொண்டுவந்தான். உக்ரைன் நாட்டுக்காரர் ஒருவர் 2011இல் எழுதி இலவசமாக விட்ட சின்னஞ்சிறு நிரல். ப்ளக்-இன் எதுவும் வேண்டாம், சாதாரணக் கைபேசியிலும் பறக்கும். கீழே விரிக்கும் படத்துக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் படம். ஒரு சனிக்கிழமை ராத்திரி என் கையாலேயே குண்டூசிகளை அதில் ஏற்றினேன். படத்தைத் திறந்தால் தமிழ்நாட்டில் ஓர் ஊரும் இல்லை. தேடிப் பார்த்தால் கல்லிடைக்குறிச்சி, கும்பகோணம், காரைக்குடி எல்லாம் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் பனிக்கடலில் மிதக்கின்றன. கே.எம்.எல். கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில் வர வேண்டும். வரிசை மாற்றாமல் போட்டுவிட்டேன். படம் வரைந்தே ஓய்வு பெற்ற ஆசாமி! வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

திருத்தியபின் படம் நன்றாகவே ஓடியது. 2015 தீபாவளிக்குள் எல்லார் கைபேசியிலும் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலோருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மேட்டூர்த் தாத்தாவின் மகள் மட்டும் பார்த்துவிட்டு, “அண்ணா, இது தட்டையா இருக்கே” என்றார். அதில் குண்டூசி இருக்கிறது, நீலமாகத் தண்ணீர் இருக்கிறது. பாலமலை இல்லை. அப்பா எழுந்து நின்றதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் அவர், அதைத் தேடுகிறார் என்று புரிந்தது.

மலையை எழுப்பித் தந்தது சீசியம். விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் காட்டுவதற்காக ஓர் அமெரிக்க நிறுவனத்தில் 2011இல் தொடங்கி, 2012இல் மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்ட உருண்டை. இதற்கு விருந்தாளி தேவையில்லை. 2011இல் வெப் ஜி.எல். என்ற ஏற்பாடு வந்தபின், படம் வரையும் சில்லை பிரவுசரே நேரடியாக ஆட்டிவைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. கே.எம்.எல். கோப்பையும் அது படிக்கும். சங்கத்தின் பழைய கணிப்பொறியில் போட்டபோது உருண்டை மாட்டுவண்டி வேகத்தில் திரும்பியது. 2018இல் புதுக் கணிப்பொறி வாங்க நன்கொடை கொடுத்தவர்களுக்கு, அந்தப் பணம் எதற்குப் போயிற்று என்பது இப்போது தெரிந்திருக்கும். உருண்டை நம்முடையதானாலும், அதன்மேல் போர்த்தும் வான்படமும் மேடுபள்ளமும் வேறொருவர் கொடுப்பதுதான். இலவசக் கணக்கில் ஓரளவு வரை எடுத்துக்கொள்ளலாம். சீசியத்தின் பின்னால் உள்ள நிறுவனமும் 2019இல் தனியாகப் பிரிந்து, 2024இல் பென்ட்லி சிஸ்டம்ஸ் கைக்குப் போனது. நிரலைத் திறந்த உரிமத்தில் விட்டிருப்பதால் நம்மிடம் உள்ள பிரதியை யாரும் பிடுங்க முடியாது என்கிறான் தம்பி. நாசாவின் வேர்ல்ட் விண்ட் உருண்டையையும் நடுவில் யோசித்தோம். 2019இல் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். நல்லவேளை.

கூகுளும் சும்மா இருக்கவில்லை. 2017 ஏப்ரலில் கூகுள் எர்த்தைப் பிரவுசருக்குள்ளேயே கொண்டுவந்தார்கள், முதலில் குரோமில் மட்டும், 2020இல் மற்ற பிரவுசர்களிலும். ஆனால் அது அவர்களுடைய வீடு. நாம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், நம் பெயர்ப்பலகையை மாட்ட முடியாது. பழைய ஆண்டுப் படங்களும் அதில் வெகுநாள் இல்லை. 2024இல்தான் அந்த வசதி பிரவுசருக்கும் கைபேசிக்கும் வந்தது. வந்த வாரமே தாத்தாவின் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் வீட்டில், கொள்ளுப்பேரன் பட்டையை இழுக்க இழுக்க, கரை முன்னும் பின்னும் போய்வந்ததாம். “தண்ணி எப்போ பின்னாடி போகும் பாட்டி?” என்று கேட்டானாம்.

இப்போது ‘நம்ம ஊர்’ இரண்டு உருவத்தில் இருக்கிறது. கைபேசிக்குத் தட்டைப் படம், சங்கக் கூடத்துக்கு உருண்டை. கே.எம்.எல். கோப்பு மூன்று பேர் வீட்டில் தனித்தனியே இருக்கிறது. வாசகங்களை எல்லாம் காகிதத்தில் அச்சிட்டு பைண்டு செய்து சங்க நூலகத்திலும் வைத்திருக்கிறோம். 2010இல் எழுதியவை அனைத்தும் மீண்டுவிட்டன. 2012இல் பதிவு செய்த பதினொரு குரல்கள் மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பெரியவர்களில் இருவர்தான் இன்று நம்முடன் இருக்கிறார்கள், இருவரிடமும் போன மாதம் மறுபடி பேசிப் பதிவு செய்தாகிவிட்டது.

மேட்டூர்த் தாத்தா பேசியபோது அறையில் இருந்தவர்கள் நானும், நிறுவனத்துப் பையன்கள் இருவரும், வெளியே காத்திருந்த இன்னும் சிலரும். வீட்டு நிலையைப் பெயர்த்த கதைக்குப் பிறகு, வண்டி கிளம்பிய ராத்திரியைப் பற்றியும் ஒரு பாட்டியைப் பற்றியும் அவர் ஏதோ சொன்னார். அந்தப் பாட்டி வண்டியில் ஏற மறுத்ததாக எனக்கு நினைவு. மேற்கொண்டு சரியாக ஞாபகமில்லை. அன்று அவர் பேசியதைக் கைபேசியில் யாராவது பிடித்து வைத்திருந்தாலோ, அவர் வேறு எப்போதாவது அதைச் சொல்லிக் கேட்டிருந்தாலோ, சங்க அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணிவரை அடியேன் இருப்பேன். அரைகுறையாக நினைவிருந்தாலும் போதும். வந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.